நகரம் வளர வளர தெருக்கள் தானாகச் சேர்ந்துகொள்ளுமா?

மதுரைக்கு வெளியே நத்தம் சாலைப் பக்கம் ஒரு மனைப்பிரிவில் இடம் வாங்கியிருக்கிறீர்கள். உங்கள் தெருக்கோடியில் ஒரு மனை, அதற்குப் பின்னால் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு மனைப்பிரிவின் தெரு, அதைத் தாண்டினால் பஸ் போகிற ரோடு. "ஊர் வளர வளர எல்லாத் தெருவும் தன்னால சேர்ந்துரும் சார், பத்து வருஷம் பொறுங்க" என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். அது நடக்குமா என்று கேட்கிறீர்கள். பழைய ஊருக்குள் எந்தச் சந்தில் நுழைந்தாலும் ஏதாவது ஒரு வீதியில் வெளியே வந்துவிடலாமே, புதுப் பகுதிகள் மட்டும் ஏன் இப்படி என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

தன்னால் சேராது. வீடு மாறும், மேலே மாடி ஏறும், கீழே கடை வரும், விலை பத்து மடங்காகும். தெருவுக்குப் போட்ட கோடு மட்டும் அசையாது. இருபது வருடத்துக்கு மேலாக மனைப்பிரிவு வரைபடம் போடும் வேலையில் இருக்கிறேன். ஒரு தெரு அடுத்த தெருவோடு சேருமா சேராதா என்பது முதல் வரைபடத்தில் கோடு இழுக்கிற அன்றைக்கே முடிவாகிவிடுகிறது என்பதுதான் நான் கண்டது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பழைய மதுரையிலிருந்து தொடங்கலாம். கோயிலுக்குள் ஆடி வீதி. கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அதற்கு வெளியே மாசி வீதி, கடைசியாக வெளி வீதி. ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரம் சதுரமாக வீதிகள். சாமி புறப்பாடு என்றால் சுற்றி வர வேண்டும். தேர் நிலையிலிருந்து கிளம்பி நிலைக்கே வந்து சேர வேண்டும். போன வழியே தேரைப் பின்னால் இழுத்துக்கொண்டு வர முடியாது. ஆகவே தேரோடும் வீதி ஒருநாளும் முட்டுச்சந்தாக இருக்க முடியாது, நாலு மூலையிலும் அடுத்த வீதியோடு சேர்ந்தே ஆக வேண்டும். அந்தச் சதுரங்களுக்கு நடுவே சின்னச் சின்னச் சந்துகள். மேல ஆவணி மூல வீதியில் ஒரு சந்தில் நுழைந்தால் மேல மாசி வீதியில் வெளிப்படலாம். டவுன் ஹால் ரோட்டில் தீபாவளிக் கூட்டம் என்றால் பக்கத்துத் தெருவில் புகுந்து ஸ்டேஷனுக்குப் போய்விடலாம். இந்த அமைப்பை யாரோ முன்கூட்டியே யோசித்துப் போட்டிருக்கிறார்கள். பின்னால் வந்தவர்கள் அதற்குள் வீடு கட்டினார்கள், இடித்தார்கள், மறுபடி கட்டினார்கள். வீதி அப்படியே இருக்கிறது.

இதைக் கணக்காகப் பார்த்தால் இன்னும் நன்றாகப் புரியும். கட்டம் கட்டமாகத் தெரு போட்ட ஓர் இடத்தில், கிழக்கே ஐந்து கட்டமும் வடக்கே ஐந்து கட்டமும் தள்ளியிருக்கிற ஒரு வீட்டுக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே தூரத்தில் போய்ச் சேர 252 வழிகள் இருக்கின்றன. ஒரு தெருவில் பள்ளம் தோண்டியிருந்தாலும் ஒருவர் பந்தல் போட்டு அடைத்திருந்தாலும் பிரச்சினை இல்லை. அதே இடத்தில் மரக்கிளை போல ஒரு பெரிய ரோடு, அதிலிருந்து பிரியும் தெருக்கள், அவற்றிலிருந்து பிரியும் முட்டுச்சந்துகள் என்று இருந்தால் வழி ஒன்றே ஒன்றுதான். அந்த ஒன்றும் அடைபட்டால் அவ்வளவுதான்.

தெருக்களின் இணைப்பை அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு சதுர கிலோமீட்டரில் எத்தனை சந்திப்பு, ஒவ்வொரு சந்திப்பிலும் எத்தனை தெரு கூடுகிறது, எத்தனை தெரு முட்டி நிற்கிறது என்று எண்ணினாலே போதும். நாற்சந்திக்கு நாலு, முச்சந்திக்கு மூன்று, முட்டுச்சந்துக்கு ஒன்று. எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுத்தால் அந்தப் பகுதியின் குணம் தெரிந்துவிடும். நூறு மீட்டருக்கு ஒரு தெரு என்று இரண்டு பக்கமும் கட்டம் போட்டால் சதுர கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 100 சந்திப்பு. இடைவெளியை இருநூறு மீட்டர் ஆக்கினால் அது 25 ஆகக் குறைந்துவிடும். அமெரிக்காவில் போர்ட்லண்ட் நகர மையத்தில் ஒரு கட்டத்தின் பக்கம் 200 அடி, சால்ட் லேக் சிட்டியில் 660 அடி. இரண்டும் கட்டம் போட்ட ஊர்கள்தான். நடந்து பார்த்தால் இரண்டும் வேறு வேறு ஊர்.

இன்னொரு அளவு, சுற்று. காகம் பறக்கிற தூரம் எவ்வளவு, நாம் நடக்கிற தூரம் எவ்வளவு என்ற விகிதம். சீரான கட்டத்தில் எல்லாத் திசைக்கும் சராசரி எடுத்தால் இது 1.27 வரும், எவ்வளவு மோசமான திசையாக இருந்தாலும் 1.41-ஐத் தாண்டாது. உங்கள் வீட்டுக்கும் பஸ் போகிற அந்த ரோட்டுக்கும் இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இனி நகரம் வளரும்போது என்ன ஆகிறது என்று பார்ப்போம். யாரும் தவறு செய்யாமலேயே இணைப்பு குறைவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மதுரையிலிருந்து அழகர்கோயில், நத்தம், மேலூர், சிவகங்கை, ராமநாதபுரம், அருப்புக்கோட்டை, திருமங்கலம், தேனி, திண்டுக்கல் என்று ஒன்பது திசைக்கு ரோடு பிரிகிறது. சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி எல்லாம் சம இடைவெளியில் இருப்பதாக வைத்துக்கொண்டால், மையத்திலிருந்து 2 கிலோமீட்டரில் ஒரு ரோட்டுக்கும் அடுத்த ரோட்டுக்கும் இடைவெளி சுமார் 1.4 கிலோமீட்டர். 8 கிலோமீட்டர் தள்ளிப் போனால் அதுவே 5.6 கிலோமீட்டர். ஊருக்குள் ஒரு சந்தில் கடந்துவிடுகிற தூரம், வெளியே போகப் போக ஒரு பெரிய ஆப்பு மாதிரி விரிந்துகொண்டே போகிறது. வீடுகள் முதலில் ரோட்டோரமாக வரும். அப்புறம் ரோட்டிலிருந்து உள்ளே உள்ளே போகும். நத்தம் சாலையிலிருந்து உள்ளே போகிற தெருவும் அழகர்கோயில் சாலையிலிருந்து உள்ளே வருகிற தெருவும் நடுவில் எங்கேயோ முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். பக்கத்துச் சாலைக்குப் போக வேண்டுமென்றால் ஊரை நோக்கி வந்து திரும்பிப் போக வேண்டும். தெற்கிலும் கிழக்கிலும் உத்தங்குடியிலிருந்து கப்பலூர் வரை போகிற ரிங் ரோடு இந்த ஆரக்கால்களை வெளியே ஒரு வளையமாகக் கட்டுகிறது. லாரிக்கும் வெளியூர் வண்டிக்கும் அது மிகவும் உதவி. ஆனால் தெருவுக்கும் தெருவுக்கும் உள்ள இணைப்பை ரிங் ரோடு தராது.

2011-இல் மதுரை மாநகராட்சியின் எல்லை விரிந்தது. 72 வார்டு 100 வார்டானது, ஏறக்குறைய 52 சதுர கிலோமீட்டராக இருந்த பரப்பு 148 சதுர கிலோமீட்டர் ஆனது. ஒரே உத்தரவில் ஊர் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஆனால் அந்தப் புதிய பரப்பில் தெருக்கள் அதற்கு முன்பே வந்துவிட்டன. அவற்றைப் போட்டது மாநகராட்சி இல்லை. ஒவ்வொரு சர்வே நம்பரையும் வாங்கிய ஒவ்வொரு புரமோட்டர்.

என் தொழிலில் நான் தினமும் பார்ப்பது இதைத்தான். நம் பக்கம் நஞ்சை நிலத்தில் அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது, ஆளுக்கு வாய்க்கால் தண்ணீர் கிடைக்க வேண்டும் என்று நீளவாக்கில் பிரிப்பது வழக்கம். ஆகவே புல வரைபடத்தை விரித்தால் பாய் நெய்கிற கோரை மாதிரி ஒல்லி ஒல்லியாக நிலங்கள் கிடக்கும். ஒரு பாகம் இரண்டு ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். அகலம் 110 அடி, நீளம் 792 அடி. இதை மனையாகப் பிரிக்க ஒரே வழிதான் உண்டு. நடுவில் 30 அடி ரோடு, இரண்டு பக்கமும் 40 அடி ஆழத்துக்கு மனைகள். முகப்பு 30 அடி வீதம் பக்கத்துக்கு 26 மனை, மொத்தம் 52. ரோடு இந்தக் கோடியில் தார்ச்சாலையில் தொடங்கி அந்தக் கோடியில் அடுத்தவர் வயலைத் தொடும்.

இங்கேதான் முடிவு எடுக்கப்படுகிறது. ரோட்டை எல்லை வரை கொண்டுபோய் விட்டால், பின்னால் அந்த வயல் மனையாகும்போது அவர்கள் தெருவை இதோடு சேர்க்க ஒரு வாய்ப்பு இருக்கும். ஆனால் ரோட்டின் கடைசி 40 அடியை மனையாக்கினால், 30-க்கு 40 என்று ஒரு மனை அளவுக்கு விற்கிற இடம் கூடுதலாகக் கிடைக்கும். 1,200 சதுர அடி, அதாவது இரண்டே முக்கால் சென்ட். சென்ட் 5 லட்சம் என்றால் ஏறக்குறைய 13.75 லட்சம் ரூபாய். தெருக்குத்து மனை என்று சிலர் வாங்கத் தயங்குவார்கள், கொஞ்சம் குறைத்துக் கொடுத்தால் யாராவது வாங்கிவிடுவார்கள். அந்த ஒரு மனையில் வீடு எழும்பிய நாளில் இரண்டு மனைப்பிரிவுகளுக்கும் நடுவில் இருந்த வழி போய்விடுகிறது. நடுவில் பக்கவாட்டில் ஒரு குறுக்குத் தெரு விடலாமே என்றால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மனை போகும், 27 லட்சத்துக்கு மேல். யார் விடுவார்கள்? "பின்னாடி வழி கிடையாது, நமக்குப் பாதுகாப்பு" என்று சொன்னால் வாங்குகிறவர்களுக்கும் அது பிடிக்கிறது. பெரிய மனைப்பிரிவில் 10 சதவீத இடத்தைப் பூங்கா மாதிரியான பொதுப் பயன்பாட்டுக்கு விட வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த இடமும் பெரும்பாலும் விலை போகாத தெருக்குத்து மூலையிலோ ஓடையோரத்திலோதான் போய் உட்காரும்.

அடுத்த வயலும் மனையாகிறது. அவர் வேறு புரமோட்டர். அவர் ரோடு இவர் ரோட்டுக்கு நேராக வராது, இருபது அடி தள்ளி வரும். இவர் இரண்டடி கிராவல் அடித்து உயர்த்தியிருப்பார், அவர் பழைய வயல் மட்டத்திலேயே விட்டிருப்பார். இடையில் ஒரு வாய்க்கால் ஓடினால் அதன் மேல் சிறு பாலம் கட்ட அனுமதி வாங்க வேண்டும், செலவும் செய்ய வேண்டும். இரண்டு பேருக்கும் அது தேவையில்லாத வேலை. இப்படி ஐம்பது பேர் ஐம்பது வருடத்தில் ஆளுக்கு ஒரு நியாயமான முடிவு எடுத்திருப்பார்கள். சேர்த்துப் பார்த்தால் சீப்பின் பல் மாதிரி, ஒன்றுக்கொன்று பக்கத்தில் நின்றும் ஒன்றையொன்று தொடாத தெருக்கள்.

ஒல்லி நிலங்களில் இப்படி என்றால், இருபது முப்பது ஏக்கரை மொத்தமாக வளைத்துச் சுற்றுச்சுவர் எழுப்பி ஒரே வாசல் வைக்கிற குடியிருப்புகள் வேறு விதம். உள்ளே தெருக்கள் நன்றாகவே இருக்கும். வெளியில் இருக்கிறவர்களுக்கு அது ஒரு மலை மாதிரி, சுற்றித்தான் போக வேண்டும்.

அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவற்றில் உள்ள மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது, 2017-இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. லட்சக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு மண்ணில் கிடந்தது, ஆகவே அது தேவைப்பட்டது. ஆனால் வரன்முறை என்பது மனைக்குக் கிடைத்த காகிதம். தெருவின் கோணலும் முட்டலும் காகிதத்தால் நேராகவில்லை.

இதனால் யாருக்கு என்ன கஷ்டம்? நான் பார்த்த ஓர் இடத்தைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். ஊருக்குக் கிழக்கே இரண்டு மனைப்பிரிவுகள், நடுவில் ஹாலோ பிளாக் சுவர், அஞ்சடி உயரம். இந்தப் பக்கத்துக் கடைசி வீட்டிலிருந்து அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம் நேர்கோட்டில் 160 மீட்டர். மணி அடிப்பது வீட்டுக்குள் கேட்கும். ரோடு வழியாகப் போனால் 1.9 கிலோமீட்டர், அதில் பாதி லாரி போகிற சாலை. சுற்று விகிதம் கிட்டத்தட்ட 12. யாரோ சுவரின் அடியில் இரண்டு கல்லைப் பெயர்த்துவிட்டார்கள். பிள்ளைகள் முதலில் பையை அந்தப் பக்கம் தள்ளுவார்கள், அப்புறம் குனிந்து நுழைவார்கள். ஓட்டையின் இரண்டு பக்கமும் சிமெண்ட் உரசி உரசி வழவழவென்று ஆகியிருந்தது. குடியிருப்போர் சங்கத்தில் பேசி அதைப் பூசி அடைப்பார்கள், ஒரு மாதத்தில் மறுபடி திறந்திருக்கும்.

ஒரு நாள் ராத்திரி இந்தப் பக்கத்தில் ஒரு பெரியவருக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் வந்து சுவருக்கு அந்தப் பக்கம் நின்றது. போனில் இருக்கிற மேப் வீட்டுக்கு மிக அருகில் இருக்கிற ரோட்டுக்கு வழி காட்டியிருக்கிறது, நடுவில் சுவர் இருப்பது அதற்குத் தெரியவில்லை. சுற்றி வரச் சொல்ல நேரமில்லை என்று, பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்காரவைத்துச் சுவருக்கு மேலே தூக்கிக் கொடுத்தார்கள். அவர் பிழைத்துக்கொண்டார். அந்த நாற்காலியைச் சுவருக்கு மேலே ஏந்திய கைகளை நினைத்தால், முன்னே நான் போட்டுக்கொடுத்த முட்டுச்சந்துகள் எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வரும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உள்ளே நுழைந்து மறுபக்கம் வெளியேற வழி இல்லாத இடத்துக்கு பஸ் வராது. ஷேர் ஆட்டோவும் மெயின் ரோட்டிலேயே இறக்கிவிடும். பக்கத்துத் தெருவுக்குப் போகிற வண்டியும் மெயின் ரோட்டுக்கு வந்துதான் திரும்ப வேண்டும் என்பதால் காலை ஒன்பது மணிக்கு அந்த ஒரு சந்திப்பு திணறும், நாம் ரோடு அகலம் போதவில்லை என்று சொல்வோம். குடிநீர்க் குழாயும் தெருவோடுதான் போகிறது. வளையமாகச் சேர்ந்த குழாயில் இரண்டு பக்கமும் தண்ணீர் வரும், முட்டி நிற்கிற குழாயின் கோடியில் அழுத்தமும் குறையும், தண்ணீரும் தேங்கும்.

சரி, காலப்போக்கில் சேராதா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். நல்ல வேளையாக இதை உலக அளவில் அளந்து பார்த்திருக்கிறார்கள். கிறிஸ்டோபர் பாரிங்டன்-லீ, ஆடம் மில்லர்ட்-பால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்கத் தெருக்களின் நூறு வருட வரலாற்றை 2015-இல் வெளியிட்டார்கள். வீடு எந்த வருடம் கட்டப்பட்டது என்ற வரி ஆவணத்தை வைத்தே தெருவின் வயதைக் கண்டுபிடித்த முறை எனக்கு மிகவும் பிடித்தது. இருபதாம் நூற்றாண்டில் பெரும்பகுதி முழுக்கப் புதிய தெருக்களின் இணைப்பு குறைந்துகொண்டே வந்திருக்கிறது. 1994 வாக்கில் அது அடிமட்டத்தைத் தொட்டு, அதற்கப்புறம் போட்ட தெருக்களில் மெல்ல ஏறத் தொடங்கியது. கவனியுங்கள், ஏறியது புதிதாகப் போட்ட தெருக்களில். ஏற்கெனவே முட்டுச்சந்தாகப் போட்ட இடங்கள் முட்டுச்சந்தாகவே நின்றன. 2020-இல் அதே இருவரும் உலகம் முழுவதையும் பார்த்தார்கள். 1975-க்குப் பிறகு உலக நகரங்களில் புதிய தெருக்களின் இணைப்பு மொத்தத்தில் குறைந்து வருகிறது, ஓர் ஊரில் ஒருமுறை விழுந்த வழக்கம் அங்கே நீண்டகாலம் ஒட்டிக்கொள்கிறது என்பதுதான் அவர்கள் கண்டது.

அமெரிக்காவில் தெருக்களின் இணைப்பு குறையத் தொடங்கியதற்கும் ஒரு கதை உண்டு. 1929-இல் நியூ ஜெர்சியில் ராட்பர்ன் என்ற குடியிருப்பை கிளாரன்ஸ் ஸ்டைன், ஹென்றி ரைட் இருவரும் வடிவமைத்தார்கள். கார்கள் பெருகுகிற காலம், பிள்ளைகளுக்கு ஆபத்து வரக் கூடாது என்று தெருக்களை முட்டுச்சந்தாக்கினார்கள். ஆனால் வீடுகளின் மறுபக்கத்தில் பூங்காவும் நடைபாதையும் விட்டு, கார் ரோட்டுக்கு அடியில் சுரங்கவழி வைத்து, நடக்கிறவர்களுக்கு முழு இணைப்பும் கொடுத்தார்கள். 1934-இல் வந்த மத்திய வீட்டுக்கடன் காப்பீட்டு அமைப்பு கட்டங்களை விட வளைந்த தெருவையும் முட்டுச்சந்தையும் நல்லது என்று பரிந்துரைத்தது. கடன் வேண்டுமென்றால் அந்தப் பரிந்துரையைக் கேட்டாக வேண்டும். நாடு முழுக்க முட்டுச்சந்து பரவியது. ராட்பர்னின் நடைபாதை பெரும்பாலும் பரவவில்லை. எனக்கு இதில் மிகவும் வருத்தம் தருகிற பகுதி அதுதான்.

இத்தாலியில் மிலானுக்கு வடக்கே குரோவானே என்ற பகுதியில் 1833 முதல் 2007 வரையிலான வரைபடங்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வும் உண்டு. ரோடுகள் இரண்டு விதமாக வளர்கின்றனவாம். ஒன்று, வெறும் நிலத்துக்குள் புதிதாக நீண்டு போவது. இன்னொன்று, ஏற்கெனவே இருக்கிற ரோடுகளுக்கு நடுவே இடத்தை நிரப்பிச் சேர்ப்பது. விற்றவர் உங்களிடம் சொன்னது இந்த இரண்டாவதைத்தான். அது பொய் இல்லை, நடப்பதுதான். ஆனால் நடுவில் காலி நிலம் இருக்கிற வரைக்கும்தான் நடக்கும். இரண்டு பக்கமும் மனையாகி, பட்டா ஆகி, வீடு ஏறிவிட்டால் நிரப்ப என்ன இருக்கிறது?

சுவர் இடிந்து வீதியான கதை ஒன்று மதுரையிலேயே உண்டு, அதைச் சொல்லாமல் விட முடியாது. பழைய ஊரைச் சுற்றிக் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. 1840-களில் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன், சுவரை இடித்து அகழியைத் தூர்க்க முடிவு செய்தார். வேலையில் உதவியவர்களுக்கு அங்கேயே மனை கொடுத்தார். அப்படி வந்தவைதான் இன்றைய வெளி வீதிகள். நில அளவையாளர் மாரட்டின் பெயரில் மாரட் வீதி, வேலையை முன்னின்று நடத்தியவர் பெயரில் பெருமாள் மேஸ்திரி வீதி. விளக்குத்தூண் பிளாக்பர்ன் நினைவாக வைத்தது. பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கோட்டையின் ஒரு துண்டு இன்னும் நிற்கிறது. ஊர் தன் எல்லையைத் தாண்டியபோது புது வீதிகள் பழைய வீதிகளோடு நாலு பக்கமும் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம், அந்த முழு வளையமும் ஒரே கையில், அரசின் கையில் இருந்ததுதான். உங்கள் தெருக்கோடிச் சுவர் அப்படி இல்லை. இந்தப் பக்கம் ஒரு பட்டாதாரர், அந்தப் பக்கம் ஒரு பட்டாதாரர்.

எல்லா இடைவெளியையும் நிரப்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வண்டியூர்க் கண்மாய் நடுவே ரோடு போட்டு இரண்டு பக்கத்தையும் சேர்த்தால் தூரம் குறையும்தான், கண்மாய் போய்விடும். தண்ணீர் நிற்கிற இடத்தைச் சுற்றிக்கொண்டு போவதுதான் முறை. கரை மேல் நடைபாதை போடலாம், அது போதும். வைகையில் 1889-இல் ஏ.வி. பாலம் கட்டியது போல, ஆற்றுக்குக் குறுக்கே எங்கே எத்தனை பாலம் என்பதும் தனியாக யோசிக்க வேண்டிய விஷயம்.

அதே போல, "தெருவைத் திறந்துவிட்டால் கண்ட வண்டியெல்லாம் குறுக்கே புகும், திருட்டுப் பயம்" என்று உங்கள் தெருவில் சிலர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். வண்டி பற்றிய பயம் நியாயமானது, அதை ஒதுக்கித் தள்ளக் கூடாது. ஆனால் வண்டிக்கு இணைப்பு வேறு, காலுக்கு இணைப்பு வேறு. நெதர்லாந்தில் ஹவுட்டன் என்ற ஊரில் காரில் பக்கத்துக் குடியிருப்புக்குப் போக ஊரைச் சுற்றும் வளையச் சாலைக்கு வந்துதான் போக வேண்டும், சைக்கிளில் நேராகப் போய்விடலாம். அவ்வளவு தூரம் போவானேன், நம் சித்திரை வீதியிலேயே வண்டி கிடையாது. கல் பாவிய வீதியில் நாலு பக்கமும் ஜனங்கள் நடந்துகொண்டே இருக்கிறார்கள். தெருக்கோடியில் இரண்டு கல்தூண் நட்டு, நடக்கிறவரும் சைக்கிளும் மட்டும் போகிற மாதிரி விட்டால் உங்கள் தெருவின் அமைதி கெடாது. திருட்டு பற்றி என் அனுபவத்தில் சொன்னால், ஆள் நடமாட்டம் இருக்கிற தெருதான் நிம்மதி.

இனி உங்கள் இடத்துக்கு என்ன செய்யலாம் என்று பார்ப்போம். முதலில் அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடத்தின் நகலை வாங்கிப் பாருங்கள். ரோடு எல்லைக் கோட்டைத் தொடுகிறதா, அல்லது அதற்கு முன்னாலேயே நின்று நடுவில் மனை எண் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். தொடுகிறது என்றால் வேலை சுலபம். மனைப்பிரிவின் ரோடுகளை உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்திருப்பார்கள். அந்த ரோட்டுக்குக் குறுக்கே நிற்கும் சுவருக்கோ வீட்டுக்கோ உரிமை கிடையாது, ஊராட்சியில் மனு கொடுக்கலாம். சில இடங்களில் ரோட்டின் கடைசியில் ஒரே ஒரு அடி அகலத் துண்டைப் புரமோட்டர் தன் பெயரிலேயே வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன், பக்கத்து நிலத்துக்காரர் சேர வேண்டுமென்றால் தன்னிடம் வரட்டும் என்று. அளவைக் கூட்டிப் பார்த்தால் அது தெரிந்துவிடும். அந்தப் பக்கத்து மனைப்பிரிவின் வரைபடத்தையும் சேர்த்து வாங்குங்கள். அங்கேயும் ரோடுதான் இருக்கிறது என்று உறுதியானால்தான் மேலே பேசலாம்.

வரைபடத்தில் கோடியில் மனைதான் என்றால் இன்னும் ஒரு வழி உண்டு. அந்த மனை முழுக்க வேண்டாம். பத்தடி அகலம் போதும். 10-க்கு 40 என்றால் 400 சதுர அடி, ஒரு சென்ட்கூட இல்லை. நான் மேலே சொன்ன விலைக்கு ஏறக்குறைய 4.6 லட்சம். உங்கள் மனைப்பிரிவிலும் 52 மனை என்று வைத்துக்கொண்டு எல்லோரும் பகிர்ந்தால் ஆளுக்கு 9,000 ரூபாய்க்குள் முடியும், அந்தப் பக்கத்துக்காரர்களும் சேர்ந்தால் பாதிதான். வாங்கிய துண்டை ஊராட்சிக்கே தானப்பத்திரமாக எழுதிவிடுங்கள், சங்கத்தின் பெயரில் வைத்தால் அடுத்த நிர்வாகம் வந்து கதவு போட்டுவிடும். இரண்டு பக்கத்துக்கும் மட்டம் வேறாக இருந்தால் படி வேண்டாம், சாய்தளம் போடுங்கள், சைக்கிளும் சக்கர நாற்காலியும் ஏற வேண்டும்.

உங்கள் தெருக்கோடி மனை இன்னும் காலியாக இருக்கிறது, அதன் உரிமையாளர் திருப்பூரில் வேலை பார்க்கிறார், தை மாதம் வீடு தொடங்கப்போவதாகச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் வானம் தோண்டுவதற்கு முன்னால் போய்ப் பேசிவிடுங்கள்.